கரண்ட் போனால் மீன் தொட்டிக்கு எது வேண்டும், எது வேண்டாம்: வேலூர் வெயிலுக்கு ஒரு கணக்கு

கேள்வி, சுருக்கமாக: வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. ஹாலில் 3 அடி தொட்டி. கோல்டு ஃபிஷ் ஆறு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று. போன மே மாதம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திய கரண்ட் மாலை 5 மணிக்குத்தான் வந்தது. இருந்ததிலேயே பெரிய கோல்டு ஃபிஷ் இரண்டும் செத்துப்போயின. சின்னவையும் சக்கரும் பிழைத்துக்கொண்டன. பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். அடுத்த கோடைக்குள் தொட்டிக்கென்று இன்வெர்ட்டர் போடலாமா, கம்ப்யூட்டர் யுபிஎஸ் போதுமா, பவர் பேங்க் வேலைக்கு ஆகுமா?

பதில்:

தொட்டிக்காக மட்டும் என்றால் இன்வெர்ட்டர் வேண்டாம். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாமல் இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அதற்கு முன் அந்த இரண்டு மீன்களும் ஏன் செத்தன என்பதைப் பார்த்துவிட வேண்டும். என்ன வாங்குவது என்பது அதிலிருந்துதான் தெரியும்.

பெரியவை முதலில் போய்ச் சின்னவை தப்பித்தால் அது அநேகமாக ஆக்ஸிஜன் பற்றாக்குறை. குளத்து மீன் வளர்ப்பவர்களுக்கும் இது பழகிய அடையாளம். தண்ணீர் கெட்டு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம் ஏறியிருந்தால் அளவு பார்த்து அடிக்காது. சின்னதும் பெரியதும் கலந்தே போயிருக்கும். சக்கர் பிழைத்ததும் இதைத்தான் சொல்கிறது. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் அது மேலே வந்து காற்றை விழுங்கி, வயிறு வழியாகவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மீன் மார்க்கெட்டில் கொஞ்சமே தண்ணீர் இருக்கிற அண்டாவில் விரால் மணிக்கணக்காகத் துள்ளிக்கொண்டிருப்பதும் இந்த மாதிரி ஒரு வசதியால்தான்; அதற்குக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பே உண்டு. ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் அப்படியே. கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது கிடையாது. மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறதே, அது காற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைத் தேடித்தான்.

இப்போது உங்கள் தொட்டிக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால் விளிம்பு வரை 106 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் எல்லாம் போக 90 லிட்டர். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை பிடித்துவைக்கும். வேலூர் மே மாதத்தில், வெயில் தாங்கிய மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் ஹாலில், தொட்டித் தண்ணீர் 33 டிகிரிக்குப் போவது சாதாரணம். அந்தச் சூட்டில் அதே தண்ணீர் 7.2 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்காது. ஆக மொத்த இருப்பு 650 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே மீன் திணற ஆரம்பித்துவிடும். 2-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கடைசி இருப்பைக் கழித்தால் செலவழிக்கக் கையில் இருப்பது 470 மில்லிகிராம்தான்.

செலவுப் பக்கம் வாருங்கள். ஆறு மீனும் சேர்ந்து 300 கிராம் எடை என்று வைப்போம். இந்தச் சூட்டில் ஒரு கிலோ மீன் மணிக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் இழுக்கும் என்று தோராயமாக எடுத்தால், உங்கள் மீன்களுக்கு மணிக்கு 60 முதல் 90. மீன்கள் மட்டுமா? மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கிடக்கிற பாக்டீரியா, அடியில் தங்கிய கழிவு, காலையில் போட்டு மிஞ்சிய தீனி எல்லாமே ஆக்ஸிஜனைத் தின்னும். அழுக்கான தொட்டியில் அது மீன்கள் இழுப்பதற்குச் சமமாகக்கூட இருக்கும். அசையாத தண்ணீரில் மேற்பரப்பு வழியாகத் திரும்பி வருவது சொற்பம். ஆக 9 மணிக்குப் போன கரண்டுக்கு, பகல் 1 மணி வாக்கில் மேலே மூச்சுத் திணறல் தொடங்கியிருக்கும். மீதி நடந்தது உங்களுக்கே தெரியும்.

வெயில் இங்கே இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தண்ணீர் பிடிக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் மீனின் ஆக்ஸிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால்தான் டிசம்பரில் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஒன்றும் ஆகாத அதே தொட்டி, கத்திரி வெயிலில் நான்கு மணி நேரத்தில் கவிழ்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் முதலில் ஹீட்டருக்குத்தான் பேக்கப் பற்றிப் பேசுவார்கள். ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று நம் பக்கம் எங்கேயும் அந்தக் கவலை இல்லை. ஹீட்டரை மறந்துவிடுங்கள். லைட்டும் வேண்டாம். ஃபில்டர் மோட்டார்கூட ஒரு பகல் முழுக்க நின்றால் பரவாயில்லை. ஓட வேண்டியது ஒன்றே ஒன்று: மேல்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிற ஏர் மோட்டார். அதற்கு வேண்டியது 2 அல்லது 3 வாட். வீட்டு நைட் லேம்ப் அளவு.

குமிழி தண்ணீருக்குள் ஆக்ஸிஜனை ஊட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குமிழியிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான். அது மேலே ஏறும்போது அடித்தண்ணீரைக் கூடவே இழுத்து வந்து மேற்பரப்பில் உடைக்கிறதே, அங்கேதான் பெரும்பகுதி ஆக்ஸிஜன் கரைகிறது. ஆகவே பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாருக்கு ஏர் ஸ்டோனை (குழாய் முனையில் குமிழி விடும் கல்லை) அடி மணலில் புதைக்காதீர்கள். ஆழம் கூடினால் மோட்டாருக்குச் சுமை, காற்றும் குறையும். அதற்காக மேலேயே தொங்கவிட்டால் அடித்தண்ணீர் அசையாது. முக்கால் ஆழத்தில் தொங்கட்டும். தொட்டியின் கண்ணாடி மூடியைக் கரண்ட் போனவுடன் எடுத்துவிடுங்கள். மீன் துள்ளும் என்று பயமிருந்தால் கொசுவலைத் துணி ஒன்றைக் கட்டிவிடலாம்.

இனி நீங்கள் கேட்ட மூன்று வழிகளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்வெர்ட்டர். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-ஹவர். மாற்றும்போது ஆகும் சேதாரம் போக 1400 தேறினால் அதிகம், அதுவும் புதுப் பேட்டரியில். மூன்று ஃபேன், இரண்டு லைட், டிவி என்று 300 வாட் இழுத்தால் நாலரை மணி நேரம். பேட்டரிக்கு நாலு வயதாகிவிட்டால் அதில் பாதி. அதாவது 9 மணிக்குக் கரண்ட் போனால் 11-க்கும் 2-க்கும் நடுவில் இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணையும். வெயில் உச்சியில் இருக்கிற நேரம், தண்ணீர் சூடேறி நிற்கிற நேரம் அது. தொட்டி மோட்டார் இழுத்ததென்னவோ 3 வாட்தான், ஆனாலும் மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் நிற்கும். தொட்டி மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டரில் விட்டால் என்ன என்று கேட்கலாம். 3 வாட் மோட்டாரை ஓட்ட இன்வெர்ட்டர் தனக்கென்று அதைவிட அதிகமாகத் தின்னும். பேட்டரியோடு சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் போட்டு அதைச் செய்வானேன்?

வீட்டுக்காக இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பக்கத்துப் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டுமே அந்த லைனில் இருக்கும், பிளக் பாயின்ட் இருக்காது. இருந்தால் ஏர் மோட்டாரை மட்டும் அதில் மாட்டுங்கள். ஃபில்டர் மோட்டாரை மாட்டுவதாக இருந்தால் உங்களுடையது சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபில்டர் மோட்டார் உறுமும், சூடாகும், சிலது கிளம்பவே கிளம்பாது. ஏர் மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும், ஆனால் ஓடிவிடும்.

கம்ப்யூட்டர் யுபிஎஸ். சுருக்கமாக: வேண்டாம். அதற்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பத்து நிமிடத்துக்குள் வேலையைச் சேவ் செய்து கம்ப்யூட்டரை அணைக்க அவகாசம் தருவதற்காகச் செய்தது அது. மணிக்கணக்கில் ஓடுவதற்கானது அல்ல. உள் சர்க்யூட்டே நிறையத் தின்றுவிடும். சில மாடல்கள் இவ்வளவு குறைந்த சுமையைப் பார்த்ததும் எதுவுமே மாட்டவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். அம்மா நாளெல்லாம் அந்தப் பீப் சத்தத்தை வேறு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பேட்டரி மட்டும் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு வேறு உபயோகம் உண்டு. 12 வோல்ட் டிசி ஏர் மோட்டாரை நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து நேராக அதில் இணைக்கலாம். ஏசியாக மாற்றும் சேதாரமே இல்லை. 84 வாட்-ஹவரில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால்கூட, 3 வாட் மோட்டார் 14 மணி நேரம் ஓடும். கார் பேட்டரியில் இன்னும் பல மடங்கு. ஒரே குறை, யாராவது போய் மாட்ட வேண்டும்.

பவர் பேங்க். ஆகும், நன்றாகவே ஆகும். யுஎஸ்பி ஏர் மோட்டார் என்று சின்னதாக விற்கிறார்கள். 1 முதல் 1.5 வாட். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருக்கும் பவர் பேங்கில் உண்மையில் வெளியே வருவது 25 முதல் 30 வாட்-ஹவர். அப்படியானால் 1.5 வாட் மோட்டார் 16 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சில பவர் பேங்குகள், இவ்வளவு குறைவாக எடுத்தால் போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று எண்ணித் தானே அணைந்துகொள்ளும். வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் அதே பவர் பேங்கைத் தொட்டிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். போனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், தேவைப்படும் அன்று அது காலியாகத்தான் இருக்கும்.

இதையும் யாராவது போய் மாட்டித்தான் ஆக வேண்டும். அம்மா வீட்டில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவர் திருமணத்துக்கோ கோயிலுக்கோ போன நாளில்? அங்கேதான் நான்காவது வழி வருகிறது.

வைஃபை ரூட்டருக்கென்று மினி யுபிஎஸ் விற்கிறார்கள். கையடக்கப் பெட்டி, உள்ளே லித்தியம் செல்கள், வெளியே 12 வோல்ட். ஒரு 12 வோல்ட் டிசி ஏர் மோட்டாரை நிரந்தரமாக அதில் மாட்டிவிட்டால் போதும். கரண்ட் இருக்கும்போது அடாப்டர் ஓட்டும், போனவுடன் செல்கள் ஓட்டும், இடையில் ஒரு குமிழி கூட நிற்காது. செல்களின் கொள்ளளவு 20 வாட்-ஹவருக்கு மேல் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால், 2 வாட் மோட்டாருக்குச் சேதாரம் போகவும் எட்டு மணி நேரத்தை எட்டிவிடும். மோட்டார் இழுக்கும் ஆம்பியர், மினி யுபிஎஸ் தரும் ஆம்பியரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெட்டியைத் தொட்டி மூடியின் மேல் வைக்காதீர்கள். கீழிருந்து ஈரம், மேலிருந்து சூடு, இரண்டும் லித்தியம் செல்லுக்கு ஆகாது. ஜன்னலோர வெயிலும் வேண்டாம்.

இதே வேலையைச் செய்யும் சென்சார் ஏர் மோட்டாரும் மீன் கடைகளில் கிடைக்கிறது. ஏசி-டிசி மோட்டார் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளேயே பேட்டரி இருக்கும். பிளக்கில் மாட்டி வைத்தால் கரண்ட் போனதும் தானே ஓடும். பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் சில நொடி ஓடிச் சில நொடி நிற்கும் முறைக்கான கணக்கு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்த சென்சார் மோட்டாரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும்வரை சாதாரண மோட்டார் ஓடும், அது அணைந்த கணத்தில் சென்சார் மோட்டார் விழித்துக்கொள்ளும். ஊரில் கரண்ட் இருந்து உங்கள் வீட்டில் மட்டும் டிரிப் ஆகிக் கிடக்கிற நாளிலும் இது கைகொடுக்கும். வெளியூர் போயிருக்கும்போது மீன்கள் சாவதற்கு ஈபியைவிட, டிரிப் ஆகும் வீட்டு ஸ்விட்சான எம்சிபிதான் அதிகக் காரணம் என்பது என் அனுமானம்.

எதை வாங்கினாலும் இரண்டு சின்ன வேலைகள் உண்டு. முதலாவது, காற்றுக்குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது ஒரு பக்கமாக மட்டுமே போகவிடும் அடைப்பு. மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நின்றவுடன் குழாய் வழியே தண்ணீர் பின்னால் இறங்கி மோட்டாருக்குள்ளும் பிளக்குக்குள்ளும் போகும். தொட்டியில் பாதி ஹாலுக்கு வந்துவிடும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. பேக்கப் மோட்டாருக்குத் தனிக்குழாய், தனி ஏர் ஸ்டோன் வையுங்கள். பழைய குழாயிலேயே T வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்தால், நின்றுபோன மோட்டார் வழியாகக் காற்று கசிந்துவிடும். இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்ப்பது. ஏப்ரலில் பாதியாகக் குறைந்திருந்தால் மே மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், காற்று பாதிதான். சூட்டைக் குறைப்பது மீதிப் பாதி.

பராமரிப்பு மின்தடை என்றால் முதல் நாளே பேப்பரில் பகுதி வாரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே முந்தைய மாலையே தொடங்கிவிடலாம். அன்று இரவும் மறுநாள் காலையும் தீனி போடாதீர்கள். தின்ற மீன் செரிக்கும்போது ஆக்ஸிஜனைக் கூடுதலாக இழுக்கும், கழிவும் கூடும். அடிக்கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சிக் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். இரவு முழுக்க மூடியைத் திறந்து டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் படும்படி ஓடவிடுங்கள். மண்பானை குளிர்கிற அதே காரணத்தால் தொட்டியும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மே மாதக் காற்று வறண்டிருப்பதால் நம் ஊரில் இது நன்றாகவே வேலை செய்கிறது; கடலோரத்தில் இவ்வளவு பலன் இருக்காது. 33-க்குப் பதில் 30-ல் நாளைத் தொடங்கினாலே கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். பகலில் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஈரத் துண்டைப் போர்த்தி, காயக் காய நனைத்தால் சூடு ஏறுவது தாமதமாகும். ஃப்ரிட்ஜில் உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம், ஒன்று மட்டும். நான்கைந்து போட்டுச் சட்டென்று குளிர வைத்தால் அதுவே மீனுக்கு அதிர்ச்சி.

ஒரு எச்சரிக்கை. மீன் திணறுகிறதே என்று மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள். மே மாத மதியத்தில் அந்தக் கறுப்பு டேங்கிலிருந்து குழாயில் வருவது கை பொறுக்காத சூடு. காவிரித் தண்ணீரோ மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரோ புதிதாகப் பிடித்தது என்றால் குளோரின் வேறு. முதல் நாளே இரண்டு வாளி பிடித்து வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவைக்க வேண்டியது இதுதான். மோட்டார் நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினால் போதும். பத்துப் பதினைந்து தடவை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை. சீரியல் விளம்பர இடைவேளையில் செய்துவிடலாம் என்று சொல்லலாம்தான், கரண்ட் இல்லாத நாளில் சீரியல் ஏது! கையைத் தொட்டிக்குள் விடுவதற்கு முன் தொட்டியின் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். கரண்ட் எந்த நொடியில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இரவில் கரண்ட் போனால் ஃபேன் இல்லை, கொசு வரும், கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துவோம். பேட்டரி ஏர் மோட்டார் அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. சுருளில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்குக் கொடிய விஷம். காற்றுக்காகப் போட்ட மோட்டாரே விஷத்தை ஊட்டுவதாக ஆகிவிடும். சுருள் வேறு அறையில் இருக்கட்டும், அல்லது மோட்டாரை ஜன்னலுக்கு வெளிப்பக்கக் காற்று கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.

கோடை மழையோடு அடிக்கும் சூறைக்காற்றில் மரம் விழுந்து இரவில் போகிற கரண்ட், பகல் மின்தடையைவிட மோசம். அறிவிப்பு கிடையாது, மீன்கள் மாலைத் தீனி தின்றிருக்கும், வீட்டுச் சுவர்கள் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். செடி வைத்த தொட்டி என்றால் இருட்டில் செடிகளும் ஆக்ஸிஜனை இழுக்கும். மாலைத் தீனியைக் கோடையில் 5 மணிக்கு முன்பே போட்டு முடித்துவிடுவது நல்லது.

மழைக்காலப் புயல்கள் வேறு ரகம். 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து உள்ளே வந்த மாதிரி நாட்களில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக அப்போது தண்ணீர் 25 டிகிரிப் பக்கம் இருக்கும், அவசரம் குறைவு. ஆனால் ஒரு நாளைத் தாண்டினால் அம்மோனியா தலைதூக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், பிஎச் (காரத்தன்மையின் அளவு) கூடுதல். பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவின் விஷம் கூடும். தீனியை முழுதாக நிறுத்துங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே குமிழிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அதிலுள்ள பாக்டீரியா பிழைக்கும். கடையில் ஆக்ஸிஜன் மாத்திரை கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் சோடியம் பெர்கார்பனேட் ஆக்ஸிஜனோடு பிஎச்சையும் ஏற்றும். நம் தண்ணீருக்கு அது கடைசி வழியாக இருக்கட்டும்.

2012 வாக்கில், சென்னைக்கு வெளியே தினமும் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தில், பேட்டரி மோட்டார் இப்படித் தாராளமாகக் கிடைக்காது. அப்போது தொட்டியைத் தக்கவைத்தவர்கள் பலரும் செய்தது மீனைக் குறைத்ததுதான். அது இன்றும் பொருந்தும். செத்த இரண்டுக்குப் பதில் வாங்க நினைத்தால் கோல்டு ஃபிஷ் வேண்டாம் என்பேன். சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வரும் கோல்டு ஃபிஷ் பார்க்க அழகுதான், ஆனால் அது குளிர்நீர் மீன். நம் மே மாதத்தை அது பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடக்கிறது. கௌராமி இரண்டு விடுங்கள். வெயிலும் தாங்கும், காற்றையும் குடிக்கும்.

ஃபில்டரையும் மாற்ற எண்ணம் இருந்தால், காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டராகப் போடுங்கள். பேக்கப் மோட்டாரின் குழாயை அதிலேயே மாட்டிவிட்டால் காற்றும் ஃபில்டரும் ஒரே 2 வாட்டில் ஓடும். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் போதாது. உப்புநீர் பிடிக்கும் ஆக்ஸிஜன் இன்னும் குறைவு, அவர்கள் தண்ணீரை அலையடிக்க வைக்கும் டிசி வேவ்மேக்கருக்கே பேட்டரி வைத்தாக வேண்டும்.

கரண்ட் திரும்பிய பிறகு உடனே எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். வோல்டேஜ் நிலைக்கப் பத்து நிமிடம் விடுங்கள். டாப் ஃபில்டரோ தொங்கும் ஃபில்டரோ என்றால் தண்ணீர் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். காற்று அடைத்துக்கொண்டு வெறுமனே சுற்றினால் மோட்டார் கருகும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஆக்ஸிஜன் தீர்ந்து கெட்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் சந்தேகமே வேண்டாம். அதைத் தொட்டிக்குள் விடாமல் வாளியில் கொட்டிவிட்டு, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். அன்று இரவு தீனி கிடையாது. மறுநாள் காலை மீன்கள் கீழே இறங்கி வழக்கம்போல நீந்தினால் பாதி அளவு போடலாம்.